உங்கள் டீக்கடை ஓவியம் அடுத்தவர் டி-சர்ட்டில்: என்ன செய்யலாம்?

கேள்வி: கும்பகோணத்தில் வீட்டிலிருந்தே ஓவியம் வரைகிறேன். ஆர்டர் வந்தபிறகு டி-சர்ட், மக், போஸ்டர் என்று அச்சடித்து அனுப்பும் வெளிநாட்டுத் தளம் ஒன்றில் என் படங்களை விற்கிறேன். வாட்டர்கலரில் நான் வரைந்த 'டீக்கடை' நன்றாகப் போகிறது. போன மாதம் அதே படம் நம் நாட்டு விற்பனைத் தளம் ஒன்றில் 399 ரூபாய் டி-சர்ட்டாக, வேறு யாரோ பெயரில் இருப்பதை அண்ணன் மகன் காட்டினான். கடைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் என் மகள் பிறந்த 17-ஆம் தேதியை வரைந்திருந்தேன். அது உட்பட அப்படியே இருக்கிறது. தளத்துக்கு எழுதினால் "உரிமைச் சான்று அனுப்புங்கள்" என்கிறார்கள். நான் எதையும் பதிவு செய்யவில்லை. "50 பிரதிக்கு மேல் அடித்தாலே காப்பிரைட் போய்விடும்" என்று நண்பர் ஒருவர் பயமுறுத்துகிறார். இதற்கிடையே திருப்பூர் நிறுவனம் ஒன்று 15,000 ரூபாய்க்கு இந்தப் படத்தின் மொத்த உரிமையையும் கேட்கிறது. கொடுத்துவிடலாமா? என் கடைப் பக்கத்தின் முகவரியையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் அவசரம் இருக்கிறது. அந்தத் திருப்பூர் ஒப்பந்தத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி அந்த 399 ரூபாய்த் திருடரைப் பற்றித்தான். ஒரு வக்கீலாக எனக்கு அவரைவிட இந்த 15,000 ரூபாய்தான் கவலை தருகிறது. திருடரிடமிருந்து படத்தை மீட்க வழி இருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டால், அதே படத்தை நீங்களே உங்கள் கடையில் விற்றாலும் நீங்கள்தான் திருடர். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

பதிவு செய்யவில்லையே என்று வருந்தியிருக்கிறீர்கள். தேவையில்லை. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி நீங்கள் வரைந்து முடித்தபோதே உரிமை உங்களுடையது. உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் அது நிற்கும். பெர்ன் என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை உடன்படிக்கையில் இந்தியாவும் அமெரிக்காவும் இருப்பதால் அங்கேயும் உங்கள் படத்துக்குப் பாதுகாப்பு உண்டு. ஒரிஜினல் தாளை யாருக்காவது விற்றிருந்தாலும் கவலை இல்லை. தாளை வாங்கியவருக்குத் தாள்தான் சொந்தம், அச்சடிக்கும் உரிமை கூடவே போகாது.

அப்படியானால் பதிவு எதற்கு? 48-ஆவது பிரிவின்படி பதிவேட்டில் இருப்பது முதல்நோக்குச் சான்று, அதாவது தவறு என்று யாராவது நிரூபிக்கும்வரை ஏற்றுக்கொள்ளப்படும் ஆதாரம். "இது உங்களுடையது என்று எப்படி நம்புவது?" என்று கேட்கும் தளத்தின் வாயை அது அடைத்துவிடும். ஓவியத்துக்கு விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய். சரக்கோடு சேர்த்துப் பயன்படக்கூடிய ஓவியம் என்றால் 2,000 ரூபாய், அதோடு டிரேட்மார்க் அலுவலகத்தில் தேடுதல் சான்றிதழும் வாங்க வேண்டும். அந்தச் சான்றிதழுக்கான செலவு தனி, அது கொஞ்சம் கடிக்கும். விண்ணப்பித்ததும் டைரி எண் கிடைக்கும், யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பார்கள். எல்லாப் படத்துக்கும் செய்ய வேண்டியதில்லை. நன்றாக விற்கும் நாலைந்துக்கு மட்டும் செய்யுங்கள். 'டீக்கடை' அதில் முதலில் இருக்கட்டும். இன்னொன்று: படத்தைக் கவரில் போட்டு உங்களுக்கே தபாலில் அனுப்பி, பிரிக்காமல் வைத்திருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தபால் செலவுதான் மிச்சம்.

அந்தத் தளம் கேட்கும் 'உரிமைச் சான்று' உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. வாட்டர்கலர் தாள் பத்திரமாக இருக்கிறதா? ஓரத்தில் பென்சில் கோடு, பிரஷைத் துடைத்த கறை எல்லாம் இருக்குமே, அதை வெட்டாமல் முழுத் தாளையும் படம் எடுங்கள். வரைந்துகொண்டிருந்தபோது போனில் எடுத்த பாதிப் படங்கள், ஸ்கேன் ஃபைலில் பதிவாகியிருக்கும் தேதி, வெளிநாட்டுத் தளத்தில் முதன்முதலில் ஏற்றிய நாளைக் காட்டும் மின்னஞ்சல், தோழிக்கு வாட்ஸ்அப்பில் "எப்படி இருக்கு?" என்று அனுப்பியது. இவற்றைத் தேதி வரிசையில் ஒரே பி.டி.எஃப். ஆக்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்த 17. எதிர்த்தரப்பு வக்கீல் என்ன சொல்வார் தெரியுமா? "டீக்கடை எல்லா ஊரிலும் இருக்கிறது, என் கட்சிக்காரரும் தனியாக வரைந்தார்." கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதனால் டீ ஆற்றும் மாஸ்டரை யார் வேண்டுமானாலும் வரையலாம். ஆனால் உங்கள் மகள் பிறந்த தேதி அந்த மனிதரின் காலண்டருக்கு எப்படி வந்தது? மகளின் பிறப்புச் சான்றிதழ் நகலையும் அந்த பி.டி.எஃப்.பில் சேர்த்துவிடுங்கள். இனி வரையும் ஒவ்வொரு படத்திலும் இப்படி ஒன்றை வேண்டுமென்றே ஒளித்து வையுங்கள்.

சரி, புகார். தளத்துக்கு இன்னொரு முறை எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது: அந்த டி-சர்ட்டை வாங்குங்கள். சிரிக்காதீர்கள். புகார் போனதும் லிஸ்டிங் மறைந்துவிடும், அப்புறம் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. 399 ரூபாய்க்கு உங்களுக்குக் கிடைப்பது சட்டை மட்டுமல்ல. பில்லில் விற்பவரின் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண் எல்லாம் பெரும்பாலும் வரும். அந்த எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் பதிவுப் பெயர் தெரியும். பார்சலைப் பிரிப்பதை ஒரே வீடியோவாக எடுங்கள், கவரின் மேல் ஒட்டிய சீட்டும் அதில் தெரிய வேண்டும். லிஸ்டிங் பக்கத்தை இணைய முகவரி, தேதி, நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வழக்கு வரை போனால் இந்த மின்னணு ஆவணங்களுக்குப் பாரதிய சாட்சிய அதினியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டியிருக்கும். அதனால் எந்த போனில் எடுத்தீர்களோ அதை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.

அதற்குப் பிறகு எழுதுங்கள். ஆனால் கஸ்டமர் கேருக்கு வேண்டாம். ஒவ்வொரு தளத்திலும் குறைதீர் அதிகாரியின் மின்னஞ்சல் இருக்கும், அறிவுசார் சொத்துப் புகாருக்கென்று தனிப் படிவமும் பெரும்பாலும் இருக்கும். பதிப்புரிமைச் சட்டம் 52(1)(சி) பிரிவையும், 2013 விதிகளில் 75-ஆவது விதியையும் குறிப்பிட்டு எழுதுங்கள். முறையான புகார் கிடைத்தால் 36 மணி நேரத்துக்குள் இடைத்தரகர், அதாவது அந்தத் தளம், அதை முடக்க வேண்டும் என்பது விதி. இதில் ஒரு கொக்கி இருக்கிறது. 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் அவர்கள் மறுபடி திறந்துவிடலாம். வழக்குப் போடுவேன் என்ற உறுதிமொழியையும் புகாரிலேயே நீங்கள் தர வேண்டும். நடைமுறையில் சின்ன வியாபாரிகள் பலர் முடக்கியதோடு ஓடிவிடுவார்கள். ஓடாதவர்களுக்குத்தான் வக்கீல் நோட்டீஸ்.

அமெரிக்கத் தளங்களில் உங்கள் படத்தை யாராவது போட்டால் அங்கே டி.எம்.சி.ஏ. நோட்டீஸ், அதாவது படத்தை நீக்கச் சொல்லி அமெரிக்கச் சட்டப்படி தரும் புகார். உங்கள் படத்தின் இணைப்பு, திருட்டு லிஸ்டிங்குகளின் இணைப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக, நல்லெண்ணத்தோடு புகார் செய்கிறேன் என்ற உறுதிமொழி, கையெழுத்து, தொடர்பு விவரம் எல்லாம் வேண்டும். "இந்தக் கடையில் இருப்பது எல்லாமே என்னுடையது" என்று மொத்தமாக எழுதினால் ஓரமாக வைத்துவிடுவார்கள். எதிராளி மறுப்பு நோட்டீஸ் கொடுத்துவிட்டால், நீங்கள் வழக்குத் தொடுக்காத பட்சத்தில் 10 முதல் 14 வேலை நாளுக்குள் படம் திரும்ப ஏறிவிடும்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று: நீங்கள் கொடுக்கும் பெயரும் முகவரியும் புகாரோடு சேர்ந்து எதிராளிக்கும் போகும். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறீர்கள். வீட்டு முகவரியையும் சொந்த போன் எண்ணையும் கொடுக்காதீர்கள். தபால் பெட்டி எண்ணோ வக்கீல் அலுவலக முகவரியோ போதும், புகாருக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

போலீசுக்குப் போகலாமா? போகலாம். பதிப்புரிமைச் சட்டம் 63-ஆவது பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு. இது பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் என்று 2022-இல் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனாலும் ஒரு டி-சர்ட்டுக்காக ஸ்டேஷன் படியேறி, எழுத்தருக்கு வாட்டர்கலரை விளக்குவதை முதல் வழியாக நான் சொல்ல மாட்டேன். ஆள் பெரிய அளவில் அடிக்கிறார், குடோனில் சரக்கு இருக்கிறது என்று தெரிந்தால் யோசிக்கலாம். உரிமையியல் வழக்கு என்றால் 62-ஆவது பிரிவின்படி நீங்கள் குடியிருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே போட முடியும், டெல்லிக்கு ஓட வேண்டியதில்லை.

இப்போது அந்த 50 பிரதி. உங்கள் நண்பர் காற்றில் கேட்டதைச் சொல்லவில்லை, சட்டத்தில் அப்படி ஒரு வரி நிஜமாகவே இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 15(2) பிரிவு என்ன சொல்கிறதென்றால்: டிசைன் சட்டத்தில் பதிவு செய்யத் தகுந்த ஒரு டிசைனை (பொருளில் போடுவதற்கான வேலைப்பாட்டை)ப் பதிவு செய்யாமல், தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளில் அடித்துவிட்டால், அந்த டிசைனில் பதிப்புரிமை முடிந்துவிடும். அடிப்பது உரிமையாளராக இருந்தாலும், அவரிடம் அனுமதி பெற்றவராக இருந்தாலும் இதே கதைதான். ஆர்டருக்கு ஒன்றாக அடித்தால் கணக்கில் வராது என்று நினைக்க வேண்டாம். ஒன்று ஒன்றாக அடித்ததையும் கூட்டித்தான் எதிர்த்தரப்பு காட்டும்.

ஆனால் அந்த வரியில் 'டிசைன்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 2009-இல் மைக்ரோஃபைபர்ஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சோபா துணியில் போடும் பூ வேலைப்பாடு. துணியில் போடுவதற்கென்றே உருவாக்கி, பதிவு செய்யாமல், ஏராளமாக அச்சடித்திருந்தார்கள். பதிப்புரிமை போயிற்று. அதே தீர்ப்பில் நீதிபதிகள் இன்னொன்றும் சொன்னார்கள்: ஓவியமாகவே பிறந்த ஒன்று ஓவியமாகத் தன் பாதுகாப்பை இழப்பதில்லை, அதிலிருந்து பொருளுக்காக எடுத்துச் செய்யும் டிசைன்தான் டிசைன் சட்டத்துக்குள் வருகிறது. 2025 ஏப்ரலில் க்ரையோகேஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதே வழியில்தான் போனது. கையில் இருப்பது தூய ஓவியமா, இல்லை அதிலிருந்து எடுத்துத் தொழில்முறையில் பொருளுக்குப் போட்ட டிசைனா என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்றது.

உங்கள் 'டீக்கடை' தாளில், வாட்டர்கலரில், சட்டை எதையும் மனதில் வைக்காமல் பிறந்தது. போஸ்டராகவும் விற்றிருக்கிறீர்கள். இது உங்களுக்குச் சாதகம். வழக்கு என்று வந்தால் சட்டையில் இருப்பது 'டிசைன்'தான் என்று அவர்கள் இழுக்கத்தான் செய்வார்கள். ஆனால் வாதிட உங்களுக்கு வலுவான இடம் இருக்கிறது. அதனால்தான் புதுப் படம் எதையும் முதலில் ஓவியமாகவே வெளியிடுங்கள் என்கிறேன். கையெழுத்திட்ட ஆர்ட் பிரின்டாக, ஒரு சின்னக் கண்காட்சியில், எப்படியாவது. டி-சர்ட் பிறகு வரட்டும்.

உங்கள் கடைப் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். அங்கே தலையணை உறைக்கும் கைப்பைக்கும் என்று கோலப் புள்ளிகளை வைத்து, திரும்பத் திரும்ப வரும்படி வேலைப்பாடுகள் போட்டிருக்கிறீர்களே, நண்பரின் எச்சரிக்கை அவற்றுக்குத்தான் பொருந்தும். அவை அந்த சோபா துணியின் பக்கத்து வீட்டுக்காரர். அப்படிப்பட்டவற்றை டிசைன் சட்டம், 2000-இன்கீழ் பதிவு செய்ய வேண்டும். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். 10 ஆண்டு பாதுகாப்பு, இன்னும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். எந்த வகைப் பொருளுக்கு என்று சொல்லிப் பதிய வேண்டும். டிசைன் பதிவானபின் அதற்குப் பதிப்புரிமை கிடையாது, இரண்டு குதிரையில் ஏற முடியாது. அதோடு டிசைன் புதியதாக இருந்தாக வேண்டும், அதாவது எங்கேயும் வெளியாகியிருக்கக் கூடாது. நீங்கள் இன்ஸ்டாகிராமில் ஏற்கெனவே போட்டவற்றுக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. அடுத்த தொகுதிக்கு முதலில் விண்ணப்பம், அப்புறம் போஸ்ட். அமெரிக்காவில் இந்த 50 கணக்கு கிடையாது. துணியில் அச்சான படத்தைத் துணியிலிருந்து பிரித்துத் தனிப் படமாகப் பார்க்க முடிந்தால் அதற்குப் பதிப்புரிமை உண்டு என்று 2017-இல் ஸ்டார் அத்லெடிகா வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது.

வாட்டர்மார்க், சின்ன அளவுப் படம் இதெல்லாம் ஓரளவுக்குத்தான். அச்சுக்கான பெரிய ஃபைலை யாருக்கும் அனுப்பாதீர்கள், சமூக ஊடகத்தில் சின்னதைப் போடுங்கள், தளத்தில் முன்னோட்டப் படத்துக்கு வாட்டர்மார்க் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். திருடுவது பல நேரம் மனிதரே இல்லை. 2019 டிசம்பரில் ட்விட்டரில் ஓவியர்கள் ஒரு வேடிக்கை செய்தார்கள். "இதை டி-சர்ட்டில் போட்டால் வாங்குவேன்" என்று யாராவது எழுதினால் அந்தப் படத்தைத் தானாகவே எடுத்துக் கடையில் போடும் பாட்கள் (தானியங்கி மென்பொருள்கள்) இருக்கின்றன என்று சந்தேகம். "இந்தத் தளம் திருட்டுப் படங்களை விற்கிறது" என்று எழுதியே ஒரு படம் வரைந்து, அதன் கீழே ஆளாளுக்கு "எனக்கு இந்த டி-சர்ட் வேண்டும்" என்றார்கள். சில கடைகளில் அந்தப் படமும் விற்பனைக்கு வந்துவிட்டது! உங்கள் ரசிகர்கள் அன்போடு இப்படிக் கமென்ட் போட்டால் கீழேயே உங்கள் கடை இணைப்பைக் கொடுங்கள். பாட் கடைகள் அறுக்க அறுக்க முளைக்கும், எல்லாவற்றின் பின்னாலும் ஓடினால் வரைய நேரம் இருக்காது. முகவரியும் ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்கிற ஆளை மட்டும் பிடியுங்கள்.

திருப்பூருக்கு வருவோம். மொத்த உரிமைக்கு 15,000. அவர்கள் 3,000 சட்டை அடித்தால் சட்டைக்கு 5 ரூபாய், 30,000 அடித்தால் 50 காசு. அதோடு முடியாது. காலண்டர், டீத்தூள் பாக்கெட், விளம்பரம் என்று எதில் வேண்டுமானாலும் போடலாம், இன்னொருவருக்கும் விற்கலாம். ஏற்கெனவே நன்றாக விற்கும் படம் என்று தெரிந்துதானே கேட்கிறார்கள்?

பதிப்புரிமைச் சட்டம் 19-ஆவது பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்தப் படம், எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்தப் பகுதி, எவ்வளவு பணம் என்பது அதில் இருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், பகுதி எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் கம்பெனிக்காரர்கள் மறக்காமல் 'உலகம் முழுவதும், நிரந்தரமாக' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். உங்களுக்கு வந்த காகிதத்திலும் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லவும் அவசியமில்லை. விற்பனைக்குப் பதிலாக லைசென்ஸ், அதாவது உரிமை உங்களிடமே இருக்க, பயன்படுத்த மட்டும் அனுமதி தருகிறேன் என்று சொல்லுங்கள். டி-சர்ட்டுக்கு மட்டும், இந்தியாவில் மட்டும், 2 ஆண்டுக்கு. அவர்களுக்கு மட்டும் என்றில்லாமல், நீங்களும் தொடர்ந்து விற்கும்படி. அந்த 15,000 முன்பணமாக இருக்கட்டும், அதன்மேல் சட்டைக்கு இவ்வளவு என்று ராயல்டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கு. படத்தை மாற்றக்கூடாது, வேறொருவருக்கு உள்குத்தகை விடக்கூடாது, டேகில் உங்கள் பெயர் வர வேண்டும். "இந்த மாதிரியெல்லாம் நாங்கள் செய்வதில்லை" என்பார்கள். முதல் போனில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

அவர்கள் "சரி, எங்களுக்காகப் புதிதாக ஒன்று வரைந்து கொடுங்கள்" என்று திரும்பினால் இன்னும் உஷார். ஒருவர் பணம் கொடுத்து, தனக்காக ஓவியம் வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முதல் உரிமையாளர் அவர்தான் என்கிறது 17(பி) பிரிவு. உரிமை ஓவியரிடமே இருக்கும் என்று அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். மின்னஞ்சலாக மட்டும் விடாமல் இரண்டு பேரும் கையெழுத்திட்ட காகிதமாக இருந்தால் நல்லது. நீங்கள் இப்போது இருக்கும் வெளிநாட்டுத் தளத்தின் விதிமுறைகளையும் ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள். 'பிரத்தியேகமற்ற' உரிமம் (அதாவது அதே படத்தை நீங்கள் வேறு இடத்திலும் தரலாம்), கணக்கை மூடினால் முடியும் என்று இருந்தால் சரி. டிசைன் போட்டி அறிவிப்புகளில்தான் 'அனுப்பிய எல்லாப் படங்களும் எங்களுக்கே சொந்தம்' என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கும், பரிசு கிடைக்காத படங்களும் சேர்த்து.

கடைசியாக, உங்கள் கடையிலேயே ஒரு விஷயம். பாரதியார் வரிகள் போட்ட டிசைன்கள் பற்றிப் பிரச்சினை இல்லை. அவர் 1921-இல் மறைந்தார், அவர் பாடல்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஆனால் முண்டாசு முகத்தை இன்னோர் ஓவியர் வரைந்த படத்திலிருந்து எடுத்திருந்தால் அது வேறு கதை. ரஜினி நிழலுருவம் போட்ட சட்டைதான் உறுத்துகிறது. அவருடைய பெயர், உருவம், பாணியை அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்துவதற்கு எதிராக 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக உத்தரவு போட்டிருக்கிறது. நீங்கள் ஒருவர்மேல் புகார் கொடுத்ததும் அவர் செய்யும் முதல் வேலை, உங்கள் கடையைத் துழாவிப் பதிலுக்கு ஒரு புகார் கொடுப்பதுதான். இரண்டு மூன்று புகார் சேர்ந்தால் தளம் விசாரிக்காமலே கணக்கை முடக்கிவிடும், 'டீக்கடை'யும் சேர்ந்தே போகும். அந்த ரஜினி சட்டையை உங்கள் கடையிலிருந்து இன்றைக்கே நீக்கிவிடுங்கள். 399 ரூபாய் ஆர்டரையும் இன்றைக்கே போட்டுவிடலாம். பார்சல் வந்து பில் கையில் கிடைத்தபிறகு புகார் போகட்டும்.